கன்னடம் படிக்கத் தெரியாத சாட்சி

ஜெமிமா அப்பாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நலம் என்று தொடங்கப் பார்த்தேன்; கை வரவில்லை. போனில் பேசப் பயமாக இருப்பதால், ஹூப்ளிக்கு வருகிற உங்கள் தம்பியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன வருஷம் நம் தெருவில் மாஜி மந்திரி வீட்டைச் சோதனை போட்டபோது, பால் வாங்கிவந்த என்னைப் போலீஸ் சாட்சிக்குக் கூப்பிட்டது நினைவிருக்கிறதா? அரிசி டப்பாவுக்குள்ளிருந்து ஒரு போனை எடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். அதைப் பற்றிப் போலீஸ் கன்னடத்தில் எழுதியிருந்த தாளில் தமிழில் கையெழுத்துப் போட்டேன். போலீஸே அந்தப் போனைக் கொண்டுவந்து வைத்தது என்று மந்திரியின் வக்கீல் இப்போது வாதாடுகிறாராம். வியாழக்கிழமை நான் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும்.

நேற்று இரண்டு பேர் வந்தார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு மரியாதையாகத்தான் உட்கார்ந்தார்கள்.

"அக்கா, நீங்க பொய் சொல்ல வேணாம். கன்னடம் படிக்கத் தெரியாது, என்ன எழுதியிருந்துச்சுன்னு தெரியாமலே கையெழுத்துப் போட்டேன்னு மட்டும் சொல்லுங்க. அது நெஜம்தானே?"

நிஜம்தான். இருபது வருஷமாகக் கன்னடம் பேசுகிறேன், ஓர் எழுத்துப் படிக்க வராது. தலையாட்டினேன். காபிகூடக் கொடுத்தேன்.

போகும்போது ஒருவன், "ஜெமிமா டியூஷன் முடிஞ்சு நாலரைக்கு வருமில்ல?" என்றான். நான் அவள் பெயரைச் சொல்லவே இல்லை.

ஜட்ஜ் கேட்டால் அரிசி டப்பாவையும் சொல்லிவிடுவேன் போலிருக்கிறது. அதனால் இன்று காலை அவளை அனுப்பிவிட்டேன். எந்த ஊருக்கென்று உங்களுக்கும் எழுதவில்லை. யாராவது வந்து கேட்டால், தெரியாது என்று நீங்கள் நிஜத்தையே சொல்லலாம்.

உங்கள் மனைவி