மாற்றுமேட்டுக்குக் காளை வேண்டி அளநாடு விடுத்த ஓலை

மலைமேல் மழை நிறைக. அம்மழை இறங்கி எங்கள் உப்பளத்தை அடைய மட்டும் இன்னும் சில நாள் பொறுக்குக.

மலைக்குவடு காக்கும் கோமகள், தினைப்புலம் தழைக்கச் செங்கோல் செலுத்தும் குவட்டுநாட்டுப் பேரரசி செங்காந்தள் மாதேவியார் திருமுன்பு, கடல்சூழ் அளநாட்டு வேந்தர் திரைவென்ற சேந்தர் ஆணையால், அவர்தம் மந்திரியும், உப்பு வாரும் குடியிற் பிறந்து கொப்புளம் காய்த்த கையால் எழுத்தாணி பிடிப்பவனுமாகிய வெண்மணல் நக்கன் வணங்கி வரையும் ஓலை.

தங்கள் நாட்டில் குடிகள் நலமா என்று வினவுவது மரபு. அதைப் பிறகு வினவுகிறேன். காளைகள் நலமா?

இவ்வோலையில் கெஞ்சும் சொல் ஒன்றும் இருத்தலாகாது என்பது எம் வேந்தர் கட்டளை. ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். கேட்பது எதுவென்று தங்களுக்கே விளங்கும்.

ஐந்நாட்டுக் கூட்டிலிருந்து அளநாடு விலகியதைத் தாங்கள் அறிவீர்கள். விலகியது தவறென்று அடியேன் சொல்லமாட்டேன். எங்கள் பாத்திகளில் கடல்நீர் பாய்ச்சும் நாளைத் தங்கள் மலைநகரத்தில் கூடும் கூட்டுப் பேரவை குறித்துக்கொடுத்தது. அங்கே அமர்ந்த பெரியோரில் ஒருவரேனும் உவர்நீரை விரலில் தொட்டு நாவில் வைத்தவரில்லை. அவர்கள் குறித்த நாளில் பாய்ச்சி, உப்புக்குப் பதில் சேற்றை வாரிய ஆண்டுகள் உண்டு. விலகிய அன்று, தங்கள் மலைக்கு வண்டிப்பாதை ஏறும் ஏற்றத்தின் உச்சியில் எல்லைக்கதவு நட்டுப் பறைகொட்டி ஆடினோம். இவ்வாண்டு எங்கள் நாவுக்குச் சரிப்பட்ட நாளில் பாய்ச்சினோம். உப்பு மல்லிகைபோல் பூத்தது. அது இலாபம். மறைப்பானேன்?

இனி நட்டம். விளைந்த உப்பு மலையேற வேண்டுமே! மணலில் நடந்து பழகிய எங்கள் காளைகள் ஏற்றத்தின் அடியிலுள்ள மாற்றுமேடு வரை வண்டியை இழுத்துவரும். அங்கே நுகத்தை இறக்கி, கல்லில் ஏறிப் பழகிய தங்கள் காளைகளின் கழுத்தில் வைப்போம். கூட்டு உண்டாவதற்கும் முந்திய முறை அது. மாற்றுமேடோ கதவுக்கு இப்பால், எங்கள் மண்ணில் இருக்கிறது. விலகிய மகிழ்ச்சி எங்கள் அவையில் பொங்கியிருந்த வேளையில் ஒருவர் எழுந்து, அயல்மாட்டின் குளம்பு நம் மண்ணில் படலாகாது என்று முழங்கினார். எல்லோரும் ஆர்ப்பரித்தார்கள், சட்டமாயிற்று. ஆர்ப்பரித்தவரில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் ஒருவருமில்லை.

எங்கள் காளைகள் ஏற்றத்தைப் பார்த்தன, படுத்துவிட்டன. நாட்டுப்பற்று இன்னதென்று அவற்றுக்கு எடுத்துரைக்கப்பட்டது. அசைபோட்டன.

அப்போது எம் வேந்தர் தாமே எழுந்தருளி, தன்னுரிமை பெற்ற குடிக்கு அயல்மாடு எதற்கென வினவி, பட்டாடை களைந்து, நுகத்தில் தோள் கொடுத்தார். நாங்கள் பின்னின்று தள்ளப் பாதி ஏற்றம் ஏறினோம். அங்கே வண்டி நின்றது. சக்கரம் தள்ளிய வண்டிக்காரி பேய்ச்சி சொன்னதை அவள் வாய்மொழியாகவே எழுதுகிறேன், மெருகிட்டால் பொய்யாகும்:

"மகராசா, மாட்டுக்கே நாக்குத் தள்ளுற ஏத்தம் இது. நெஞ்ச நிமித்துனா வண்டி ஏறிருமா? அடுத்தவன் மாடு வேண்டாம்னீக, சரி. எங்கள மாடாக்கச் சொன்னது யாரு?"

வேந்தர் சினந்து விடைபகர வாய் திறந்தார். வண்டி ஒரு முழம் பின்னே வந்தது. வாய் மூடினார். இடுப்பு பிடித்துக்கொண்டமையால் இப்போது எண்ணெய் தடவிக் குப்புறப் பள்ளிகொண்டிருக்கிறார். அந்நிலையில்தான் இவ்வோலைக்கு இசைந்தார்.

கீழ்த்திசையில் மேகம் கறுத்துவிட்டது. குவியல்களின்மேல் பனையோலை வேய்ந்திருக்கிறோம், பெருமழைக்குத் தாங்காது. கரைந்தால், பாத்தியில் கால்வெடித்து நின்றவர்களின் ஓராண்டு உழைப்பு கடலுக்கே திரும்பும். உப்பு ஏறாவிட்டால் தங்கள் தினையும் இறங்காது. இப்போதே உங்கள் ஊரில் உப்பில்லாக் கஞ்சி, எங்கள் ஊரில் கஞ்சியில்லா உப்பு. வென்றது எந்த நாடென்று இருபுறத்துப் புலவர்களும் பாடிக்கொள்ளட்டும்; அவர்களுக்கும் பசிக்கும்.

கூட்டில் மீண்டும் சேர நாங்கள் வரவில்லை. நீர் பாய்ச்சும் நாளைப் பேரவை கையில் தரமாட்டோம், அதில் பேச்சில்லை. ஆனால் எல்லைக்கதவு திறந்துகிடக்கிறது. இயற்றிய சட்டத்தை உடனே நீக்குவது மானக்குறைவு ஆகையால், குவட்டுநாட்டுக் காளைகள் யாவற்றுக்கும் அளநாட்டுக் குடியுரிமை அளித்து வேந்தர் ஆணையிட்டருளினார். இனி அவை அயல்மாடுகள் அல்ல. வைக்கோலும் தண்ணீரும் வைத்திருக்கிறோம்.

ஞாயிறும் கடலும் உள்ளளவும் இச்சொல் நிற்க. நண்டு இலச்சினை, படுத்தபடியே வேந்தர் தம் திருக்கையால் இட்டது. சற்றுச் சாய்ந்திருப்பின் பொறுத்தருள்க.

உப்பு வண்டி இன்னும் ஏற்றத்தின் நடுவில்தான் நிற்கிறது. மேலே போகாது, கீழே விடமுடியாது. சக்கரத்துக்குக் கல் கொடுத்து, கல் நழுவாமல் பேய்ச்சியும் மற்றவரும் முதுகு கொடுத்திருக்கிறார்கள். ஆகையால் மாதேவியார் மறுஓலை வரைய அமராதிருக்க. ஓலை மெதுவாக வரலாம். மாடு உடனே இறங்குக.