கடல்மோகினியின் பாட்டு

என் செல்லமே,

கேட்டுட்டேன்டி! நான் சீட்டாட உட்கார்ந்தாலும், மூணாவது கிளாஸ் சாராயம் ஊத்திக்கிட்டாலும் "கடல்மோகினி பாடுறா, காதைப் பொத்திக்கோ"ன்னு கத்துவியே, அந்தப் பாட்டை நிஜமாவே கேட்டுட்டேன்.

வழக்கமா மூழ்குற ஆழத்துல கடற்பஞ்சு ஒண்ணுகூட இல்ல. அதுக்கும் கீழே ஒரு பாறைச் சரிவு. அது முழுக்க பஞ்சு, ஒவ்வொண்ணும் நம்ம கல்யாணத் தலையணை அளவு! மேலே வரச் சொல்லி கேப்டன் சகெல்லாரிஸ் கயிற்றை இழுத்துக்கிட்டே இருந்தார். நான் இறங்கிக்கிட்டே இருந்தேன். பை நிரம்பினதும் ஒரே மூச்சுல மேலே வந்தேன். நடுவுல நின்னு நின்னு வரணும், இல்லேன்னா கடல் காலை வாங்கிக்கும்னு பெரியவங்க சொல்வாங்கதான், அந்தப் பொறுமை யாருக்கு இருந்தது?

ஹெல்மெட்டைக் கழட்டினதும் கேப்டன், "டேய், எழுந்து நில்லு பார்ப்போம்"ங்கிறார். அவ்வளவு பஞ்சு கொட்டிக் கிடக்கு, மனுஷன் என் காலைப் பார்க்கிறார்!

கை ரெண்டும் நல்லா இருக்கு. எழுத்தைப் பார்த்தாலே தெரியுமே. படகுப் பசங்க என்னை ராஜா மாதிரி தூக்கிக்கிட்டுத் திரியுறாங்க.

ஊர் திரும்பினதும் நம்ம கலிம்னோஸ் சதுக்கத்துல, முடமான பஞ்சுக்காரன் மாதிரி தடியூன்றிக் கால் நடுங்க ஆடுவோமே, அதுல இந்தத் தடவை முன்னால நிக்கப்போறது நான்தான். "உனக்கு நடிக்கவே வரல"ன்னு வருஷாவருஷம் சிரிப்பே. இனி சிரிக்க மாட்டே.

எங்க அப்பாவோட தடியைத் துடைச்சு வை.

உன் பஞ்சுக்காரன்