சேரும் ஊர் எண்

பிப்ரவரி 9, ஞாயிறு

அன்புள்ள சித்திக்கு,

நலமா என்று கேட்கக் கை தயங்குகிறது. வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு படுத்திருக்கிறவரிடம் அப்படிக் கேட்கலாமா? அதனால் வேறு மாதிரி கேட்கிறேன். இந்த வாரம் போன வாரத்தைவிடப் பரவாயில்லையா?

நீங்கள் அனுப்பிய இரண்டு புத்தகங்களும் வந்தன. கடற்பயணத்தை முடித்துவிட்டேன். பறவைகளில் பாதி தாண்டிவிட்டேன். படுத்தபடி படிப்பதற்குக் கடிதம் நீளமாக இருக்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். இந்த முறை நீளத்துக்குக் குறைவில்லை. ஏனென்றால் அம்மா எடையைக் குறைக்கிறாள்!

நீங்கள் நம்பமாட்டீர்கள். எடை குறைப்பவர்களை அவள் எப்படிக் கேலி செய்வாள் என்று உங்களுக்குத் தெரியுமே. "நான் என்ன பலூனா, காத்தப் புடுங்கிவிட?" என்பாள். அப்படிப்பட்டவள் மூன்று வாரம் முன்பு தான் வேலை பார்க்கும் பார்சல் அலுவலகத்தில் எல்லார் எதிரிலும், செப்டம்பர் இருபதுக்குள் எழுபத்தெட்டு கிலோவுக்கு வந்துவிடுவேன் என்று அறிவித்துவிட்டாள். இப்போது தொண்ணூற்றொன்று புள்ளி ஆறு. ஏன் எழுபத்தெட்டு, ஏன் செப்டம்பர் இருபது என்று கேட்டேன். முட்டி வலிக்கிறது என்றாள். முட்டி எப்போது காலண்டர் பார்த்தது, சித்தி?

அலுவலகத்தில் இன்னும் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். பெட்டிகளில் லேபிள் ஒட்டும் அக்கா, வண்டி ஓட்டும் ஹாரன் அண்ணன், பிறகு மேலாளர். மேலாளருக்குச் சட்டையின் கடைசிப் பொத்தான் எப்போதும் லீவு. பள்ளி விட்டதும் நான் அங்கேதானே பின்பெஞ்சில் வீட்டுப்பாடம் செய்கிறேன், ஆகவே என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை கதவை அடைத்ததும் பெரிய மூட்டைகளை நிறுக்கும் தராசில் ஒவ்வொருவராக ஏறுவார்கள். அது தரையோடு தரையாக இருக்கும் இரும்புப் பலகை. அதில் ஒரு வேடிக்கை. சேரும் ஊரின் எண்ணை அடித்தால்தான் எடைச் சீட்டு வெளியே வரும். வெறுமனே நிறுக்க அது ஒப்புக்கொள்ளாது. அதனால் எல்லாரும் தங்களை எங்காவது அனுப்பியாக வேண்டும்! லேபிள் அக்கா தன் கணவர் வேலை பார்க்கும் ஊருக்குத் தன்னை அனுப்புகிறார். ஹாரன் அண்ணன் கடற்கரை ஊர் ஒன்றின் எண்ணை அடிக்கிறார். மேலாளர் சோம்பலில் நம் ஊர் எண்ணையே அடித்தார். அனுப்பும் இடமும் சேரும் இடமும் ஒன்று என்று இயந்திரம் மறுத்துவிட்டது. "வீட்லயும் இதேதான் சொல்றாங்க, எங்கயாவது போய்ட்டு வாங்கன்னு" என்றார். அம்மா தன் எண்ணைத் தானே அடிப்பாள், மடமடவென்று. சீட்டிலிருந்து எடையை மட்டும் வெட்டி நோட்டில் ஒட்டுவது என் வேலை. மிச்சத் துண்டுகள் புத்தகத்தில் பக்கம் வைக்க உதவுகின்றன.

அம்மா உங்களைப் பற்றிக் கேட்பதில்லை. ஆனால் உங்கள் கடிதம் வந்த நாளில் என் மேசையைத் துடைக்க வந்துவிடுவாள், சுத்தமாகவே இருக்கும் மேசையை. இதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் அக்கா மகள்


ஜூன் 15, ஞாயிறு

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கடிதம் அரைப் பக்கம்தான் இருந்தது. கை வலியா? புத்தகங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா, டாக்டரைப் பார்த்தாளா, எந்த டாக்டர் என்று மூன்று கேள்விகள் மட்டும். உடம்புக்கு ஒன்றுமில்லை சித்தி. பயப்படாதீர்கள். மாடிப்படி ஏறினால் முன்பு இரண்டு முறை நிற்பாள், இப்போது நிற்பதில்லை.

எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. பள்ளி நூலகத்தில் எடை குறைப்பது பற்றி ஒரு புத்தகம் எடுத்தேன். முன்னேற்றத்தைக் கண்ணில் படும்படி மாட்டிவையுங்கள், ஊக்கம் தானாகப் பெருகும் என்று போட்டிருந்தது. நான் பெரிய அட்டையில் நால்வர் எடையையும் நான்கு நிறத்தில் வரைந்து சுவரில் மாட்டினேன். மற்ற மூன்று கோடுகளும் இறங்கின. லேபிள் அக்காவின் கோடு மட்டும் ஏறியது. சிவப்பு வேறு. ஹாரன் அண்ணன் அதைப் பார்த்து, "அக்கா மட்டும் மலைப்பாதையில போறாங்க" என்றார். அக்காவும் சிரித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை தராசில் ஏறவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. என்னிடம் பேச்சும் குறைந்துவிட்டது.

அம்மா அட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "இது என்ன மார்க் ஷீட்டா? அவளுக்கு ரெண்டு பிள்ளை, ஒரு மாமியார், காலைல நாலு டிபன் டப்பா. உன் புத்தகத்துல அதுக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். புத்தகத்தில் தேடினேன். உண்மையிலேயே இல்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அம்மா அக்கா வீட்டு வாசலில் போய் நின்றாள். நடக்க வா என்று கூப்பிடவில்லையாம். "எனக்குத் தனியா நடக்க நாய் பயம், துணைக்கு வா" என்றாளாம். அம்மாவுக்கு நாய் பயமா? தெரு நாய்கள்தான் அம்மாவைக் கண்டால் ஓரமாகப் போகும்! ஆனால் அக்கா வந்தார். நாற்பது நாளாக வருகிறார்.

இதில் இன்னொன்றும் நடந்தது. போன மாதம் அம்மாவின் எடை நான்கு வாரம் எண்பத்தைந்திலேயே நின்றுவிட்டது. சாப்பாட்டில் பாதி தட்டு காய், தேநீரில் சர்க்கரை கிடையாது, நடை, படி எல்லாம் அப்படியேதான். எடை மட்டும் அசையவில்லை. நான்காம் வாரம் மேலாளர், "என்னம்மா இவ்வளவு அவசரம், உனக்கென்ன கல்யாணமா?" என்று விளையாட்டாகக் கேட்டார். அம்மா சீட்டைக் கசக்கி எறிந்துவிட்டு, திருப்பி அனுப்பப்பட்ட பார்சல்கள் இருக்கும் அலமாரிப் பக்கம் போய் நின்றுகொண்டாள். பெறுபவர் வாங்க மறுத்த பார்சல்கள் அவை. அம்மாவுக்கு அந்த அலமாரியைக் கண்டாலே ஆகாது. தோள் குலுங்கியது. அழுதாள் என்றுதான் நினைக்கிறேன். முட்டி வலிக்காக யாராவது அப்படி அழுவார்களா?

அவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனது லேபிள் அக்காதான். "நாய் எனக்கும் பயம், நாளைக்கு ஒரு சுத்து கூட நடப்போம்" என்றார். துணைக்கு வந்தவர் இப்போது துணையாகிவிட்டார். யார் யாருக்கு ஊக்கம் கொடுக்கிறார்கள் என்று எனக்குக் கணக்கு வரவில்லை.

கடைசி வரியில், "உன் அம்மாவை இளைக்க வேண்டாம் என்று சொல், இருந்தபடியே இருக்கட்டும்" என்று எழுதியிருந்தீர்கள். நான் சொல்லவில்லை. மன்னியுங்கள். ஏன் அப்படி எழுதினீர்கள் என்றும் புரியவில்லை.

உங்கள் அக்கா மகள்


செப்டம்பர் 7, ஞாயிறு

அன்புள்ள சித்திக்கு,

இரண்டு மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. இருந்தாலும் இரண்டு வாரம் முன்பு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். உறையில் உங்கள் முகவரியை எழுதி, கடைசியில் ஊர் எண்ணையும் எழுதினேன். பக்கத்தில் பறவைகள் புத்தகம் திறந்திருந்தது. அதில் பக்கம் வைத்திருந்த சீட்டுத் துண்டிலும் அதே எண். அடுத்த துண்டை எடுத்தேன், அதே எண். வீட்டிலுள்ள புத்தகங்களை எல்லாம் உதறினேன். அதே எண் இருந்த துண்டுகள் இருபத்தாறு கிடைத்தன. மற்ற மூவரும் அடிக்கும் எண் அது இல்லை, அம்மாவுடையதுதான். இருபத்தாறு வெள்ளிக்கிழமையும் அம்மா தன்னை உங்கள் ஊருக்கு அனுப்பியிருக்கிறாள்.

அப்பாவைக் கேட்டேன். அவருக்கு வயிற்றில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. உங்களுக்குச் சிறுநீரகம் மாற்றினால்தான் நல்லது என்று சித்தப்பா போன வருடம் போனில் சொன்னாராம். அக்காவிடம் மட்டும் சொல்லக் கூடாது என்பது உங்கள் கட்டளையாம். அப்பா அன்று மாலையே அம்மாவிடம் சொல்லிவிட்டார். கண்ணாடி மாற்றப் போகிறேன் என்று அம்மா மருத்துவமனைக்குப் போய்ச் சோதனைகள் செய்துகொண்டாள். அவளுடையது உங்களுக்குப் பொருந்துகிறது, ஆனால் இந்த எடையில் எடுக்க மாட்டோம், எழுபத்தெட்டுக்கு வாருங்கள், செப்டம்பர் இருபதாம் தேதி பார்க்கலாம் என்றார்களாம். ஜூனில் நீங்கள் சந்தேகப்பட்டது ஜூலையில் உறுதியாகிவிட்டது என்றும் அப்பா சொன்னார். "அக்காவோடது வேண்டாம், வந்தாலும் திருப்பி அனுப்பிடுங்க" என்று உங்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டீர்களாம். அதுவும் அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் தினமும் நடக்கிறாள்.

சித்தி, இதற்குப் பிறகு நான் ஒரு தப்பு செய்தேன். அந்த வெள்ளிக்கிழமை அம்மா தராசில் ஏறினாள். பொத்தானை அழுத்த நான் பக்கத்தில் நின்றேன். ஏழு மாதமாக அந்த எண் இறங்க வேண்டும் என்று நான்தான் எல்லாரையும்விட அதிகமாக ஆசைப்பட்டேன். அன்று மட்டும், இன்னும் இரண்டு கிலோ இறங்கினால் அம்மாவைக் கிழித்து ஒன்றை எடுத்துவிடுவார்கள் என்று தோன்றியது. என் கால் தானாகப் பலகையின் ஓரத்தில் போய் அழுத்தியது. முந்தின வாரம் எண்பது புள்ளி மூன்று. அன்று எண்பத்தொன்று புள்ளி ஏழு. அம்மா சீட்டைப் பார்த்தபடியே நின்றாள். கசக்கவில்லை, எறியவில்லை. மறுநாள் காலை கொட்டுகிற மழையில் குடையோடு நடக்கப் போனாள். குடை போதாமல் தெப்பமாகத் திரும்பி வந்தாள்.

திங்கட்கிழமைக்கு மேல் தாங்க முடியவில்லை. கதவை அடைத்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கால், எண், துண்டுகள், அப்பா, எல்லாவற்றையும். அடிப்பாள் என்று நினைத்தேன். "அப்போ நெசமா எவ்வளவு இருக்கேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டு மறுபடி ஏறினாள். என்னைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லி, லேபிள் அக்காவைப் பொத்தானை அழுத்தச் சொன்னாள். எழுபத்தொன்பது புள்ளி ஆறு. அக்கா அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தார், பலகையில் எண்கள் பைத்தியம் பிடித்ததுபோல் ஓடின. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இரண்டில் எதை முதலில் நிறுத்துவது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், பயமா இருக்கா என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன். எனக்கும்தான் என்றாள். நாய்க்குப் பயப்படுவதுபோலவா என்று கேட்டதும் முதுகில் ஒன்று வைத்தாள்.

நீங்கள் ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று யோசித்தேன். அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்றா? அல்லது தாத்தா இறந்தபோது நடந்ததாலா? படுக்கையில் இருந்த தாத்தாவோடு ஆறு மாதம் அம்மா தனியாகக் கிடந்தாள். நீங்கள் அவர் இறந்த மூன்றாம் நாள்தான் வந்தீர்கள். "விருந்தாளி வந்தாச்சு, நாற்காலி போடுங்க" என்று எல்லார் முன்னாலும் அம்மா சொன்னாள். நீங்கள் உட்காராமலே அன்று மாலை போய்விட்டீர்கள். அதில் எது குத்தல், எது உபசாரம் என்று பிரித்துப் பார்க்க அப்போது என் பத்து வயது போதவில்லை. அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் முன்னால் போட்டது நான்தான் சித்தி. நான்கு வருடமாக இதை உங்களுக்கு எழுத நினைத்து, புத்தகங்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன்.

யார் செய்தது சரி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நீங்கள் வேண்டாம் என்றால் அம்மா முழுசாக வீட்டில் இருப்பாள், நீங்கள் இயந்திரத்தோடு இருப்பீர்கள். சரி என்றால் இரண்டு பேரையும் ஒரே நாளில் உள்ளே கொண்டுபோவார்கள், நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். ஆனால் அம்மாவைத் திருப்பி அனுப்பாதீர்கள். அந்த அலமாரியைப் பார்த்து அவள் நின்ற நிலையை நான் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு எழுதட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "எழுதறதுன்னா எழுது. நான் சொன்னதா எழுதாதே" என்றாள். ஆகவே அவள் எதுவும் சொல்லவில்லை. உறையை ஒட்ட மட்டும் தானே வாங்கிக்கொண்டாள். எண்ணைச் சரிபார்த்தாள்.

இருபதாம் தேதிக்கு மறுநாள் காலை நாங்கள் கிளம்புகிறோம். நீண்ட பயணம், அம்மா களைத்துப் போயிருப்பாள். வந்ததும் என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். எதுவும் பேச வேண்டாம் சித்தி. உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி மட்டும் போடச் சொல்லுங்கள்.

என்றும் உங்கள்
அக்கா மகள்