முகம் தெரிகிற போட்டோ

அக்கா,

நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நீ அதைத்தான் முதலில் கேட்பாய். சின்னவன் மகன் தருமபுரி மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிறான். மகள் வயிற்றுப் பேத்தி மாரண்டஹள்ளியில் டீச்சர். சந்தைக்குப் போனால் நாலு பேர் வணக்கம் வைக்கிறார்கள். பெரியவன் மகள்தான் உன் வழி. நீ படித்த அதே இயற்பியலைப் படித்து, வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்கிறாள். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு இப்படி ஒரு பேத்தி.

நேற்று நீ வேலை பார்த்த ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து ஒரு கவர் வந்தது. உன் வாழ்க்கையையும், அச்சில் வந்த உன் கட்டுரைகளையும் சேர்த்துப் புத்தகம் போடுகிறார்களாம். மாதிரிப் பக்கங்களில் புது மை வாசனை. உன் பெயருக்கு மேலே ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

“முகம் தெரியுற போட்டோ ஒண்ணு இருந்தா குடுங்கம்மா” என்று போனில் கேட்டார் ஒரு பேராசிரியர்.

டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். நீ அனுப்பிய போட்டோக்கள் கட்டாக இருக்கின்றன. ஒன்றிலும் நீ இல்லை. ஒவ்வொரு கடிதத்திலும் நான் புதுப் போட்டோ கேட்பேன். நீ உன் கட்டுரையில் வந்த படத்தை அனுப்புவாய். கோழி கிளறிய மண் மாதிரி வெறும் கோடுகள்.

ஒரு மாசி மாதம் நீ வந்திருந்தபோது, புளியங்கொட்டை தட்டிக்கொண்டே கேட்டேன்.

“இதென்னக்கா, மூஞ்சி கேட்டா கோடு அனுப்பற?”

“வானத்துல இருந்து கண்ணுக்குத் தெரியாத துகள் வந்துக்கிட்டே இருக்குதுடி. போட்டோ மருந்து பூசின தட்டைப் பெரிய பலூன்ல கட்டி மேல அனுப்புவோம். துகள் அதுல பூந்து போனா இந்தக் கோடு விழும். அது வந்துட்டுப் போனதுக்கு அதான் சாட்சி.”

“கீழயும் வருமா?”

“இப்ப உன் ஒடம்புலயும்தான் பூந்து போவுது.”

நான் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தேன். நீ சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த புளியெல்லாம் சிதறியது. “ஒண்ணும் பண்ணாதுடி, பயந்தவளே.”

அந்த வகைக் கோட்டை முதன்முதலில் கண்டு எழுதியது நீதான் என்று மாதிரியில் போட்டிருக்கிறதாம். பேரன் படித்துச் சொன்னான். நீ ஒரு நாளும் சொன்னதில்லை. உன் உடம்பைப் பற்றியும் சொன்னதில்லை.

கடைசியாக நீ வந்த அன்று தருமபுரி ஸ்டேஷனில் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டு போனேன். தூணோரம் எலும்பும் தோலுமாக ஓர் அம்மாள் நின்றிருந்தார். தாண்டிப் போய்விட்டேன். பின்னாலிருந்து உன் குரல்.

“ஏன்டி, போட்டோ அனுப்பாததுக்கு இப்படியா பழி வாங்குவ?”

நீ சிரித்தாய். வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது என்றார் டாக்டர். “அந்தத் துகளாலயா?” என்று கேட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். பாதிதான் நம்பினேன், நீ கண்மூடிய பிறகும்.

இப்போது வெளிநாட்டுப் பேத்தியும் கோடுதான் அனுப்புகிறாள், செல்போனில், கலர் கலராக. வீடியோவில் வரச் சொன்னால், “இங்க இருட்டா இருக்குது ஆயா” என்கிறாள். முகம் கேட்டால் போன வருஷம் எடுத்ததையே மறுபடி அனுப்புகிறாள். ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் அம்மாவிடம், “புள்ள குரல் இளைச்சிருக்குது” என்றேன்.

“குரல் எப்படிங்க அத்தை இளைக்கும்? ராத்திரி பகல் பாக்காம வேலை, அவ்வளவுதான்.”

நீயும் வேலை என்றுதான் எழுதினாய், அக்கா.

புத்தகத்துக்கு, நீ கல்லூரிக்குக் கிளம்பியபோது ஸ்டுடியோவில் எடுத்த ரெட்டைஜடைப் போட்டோவைக் கொடுத்துவிட்டேன். அதில் உன் கன்னம் உப்பலாக இருக்கிறது. பார்க்கிறவர்கள் அதையே உன் முகம் என்று நினைத்துக்கொள்ளட்டும். எனக்கு மட்டும் அந்தத் தூணோரம் மறக்காது.

பேத்தி தை மாதம் வருகிறாளாம். அதுவரை என்னால் பொறுக்க முடியாது. இன்று அவளுக்கும் ஒரு கடிதம் எழுதிவிட்டேன். உன்னைப் போல அவளும் சிரிப்பாள், சிரிக்கட்டும். இப்படித்தான் முடித்திருக்கிறேன்: கோடு வேண்டாம் கண்ணு. போன வருஷத்து முகமும் வேண்டாம். செல்போனில் எதையாவது செய்து முகத்தைப் பளபளப்பாக்கி விடுகிறீர்கள், அதுவும் வேண்டாம். இளைத்திருந்தால் இளைத்தபடியே, புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு. நீ வந்து இறங்கும்போது ஆயா உன்னைத் தாண்டிப் போய்விடக் கூடாது.