என் கணவரின் கையொப்பம் அவருடையதே என்று ஏற்கக் கோரி

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற நூலகர்
(முன்னாள் போர்க்கைதியின் மனைவி),
மாடி வீடு, தபால் நிலையத்துக்குப் பின் தெரு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
நினைவு நாணயப் பிரிவு.

பொருள்: போர் நினைவு நாணயச் சீட்டுகளில் என் கணவர் இட்ட கையொப்பம் போலி என்ற அறிவிப்பை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. போர் நினைவு நாணயங்களுடன் வைக்கும் சீட்டில் கையொப்பம் கறுப்பு மையில் அல்லாமல் நீல மையில்தான் இருக்க வேண்டும் என்று தங்கள் பிரிவு சென்ற ஆண்டு ஒருமனதாகத் தீர்மானித்தது. இதற்கு இரண்டு அமர்வுகள் தேவைப்பட்டன என்றும், எதிர்த்து நின்ற உறுப்பினர் தேநீர் இடைவேளைக்குப் பின் மனம் மாறினார் என்றும் அறிகிறேன். அம்முடிவு ஒரு பெட்டிப் பேனாக்களோடு ஜீப்பில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

2. என் கணவர் போரில் பிடிபட்டு எதிரிச் சிறையில் இருந்தவர். அந்தச் சீட்டுகள் அனைத்திலும் அவர் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கையொப்பமிட்டார். விரல் மரத்தபோது நான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். அவர் கையொப்பம் அழகானதல்ல. முதல் எழுத்து மட்டும் புரியும்; மீதி, மழையில் நனைந்த கோழி நடந்துபோன தடம் போல இருக்கும். எங்கள் திருமணப் பதிவிலும் அதே கோழிதான்.

3. நாணயங்கள் சீட்டுகளோடு பிளாஸ்டிக் உறைகளில் அடைக்கப்பட்டு விற்றும் முடிந்த பிறகு, தங்கள் சரிபார்ப்பு அலுவலர் கையொப்பங்கள் போலி என்று கண்டுபிடித்தார். அவர் ஒப்பிட்ட மாதிரி, என் கணவர் சிறையில் எழுதிக் கொடுத்ததாக அந்நாளில் எல்லாப் பத்திரிகைகளிலும் வெளியான வாக்குமூலத்தின் அடியில் உள்ளது. அதில் முழுப் பெயரும் முத்து முத்தாக இருக்கிறது.

4. அன்று அந்தப் பத்திரிகையை நூலகத்தில் பிரித்தவள் நான். தன் நாட்டையே தூற்றும் அந்த வாக்குமூலத்தைப் படித்த சக ஊழியர்கள் என் முகத்தைப் பார்க்கத் தயங்கினார்கள். நான் கையொப்பத்தைப் பார்த்தேன். அவர் தம் வாழ்நாளில் அப்படி எழுதியதில்லை. "நம்பாதே" என்று எனக்குச் சொல்ல அவருக்கு மிச்சமிருந்த இடம் அது ஒன்றுதான், சொல்லிவிட்டார். அன்று மதியம் நான் வயிறாரச் சாப்பிட்டேன். என் மாமியார் அதை நெடுநாள் மன்னிக்கவில்லை.

5. இதை விளக்கத் தங்கள் துணை இயக்குநரைச் சந்தித்தோம். நல்ல மனிதர், இருவருக்கும் நாற்காலி கொடுத்தார். "எல்லாம் புரியுதுங்கய்யா. ஆனா ஜனங்களுக்குத் தெரிஞ்சது அந்தக் கையெழுத்துதான். புதுச் சீட்டு தர்றோம், அதே மாதிரி போட்டுக் குடுத்துடுங்க, முடிஞ்சுது" என்றார். என் கணவர் அதிகம் பேசுகிறவரல்லர். "அதைப் போட வைக்க அவங்களுக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆச்சு, தம்பி. அவங்களும் நாற்காலி குடுத்துதான் ஆரம்பிச்சாங்க" என்று மட்டும் சொன்னார். கோப்பில் இது "சம்பந்தப்பட்டவர் ஒத்துழைக்க மறுப்பு" என்று பதிவாகியுள்ளது.

6. சென்ற வாரம் பேருந்து நடத்துநர் ஒருவர், தாம் வாங்கிய நாணயத்தோடு எங்கள் வாசலுக்கு வந்தார். அவருடைய அண்ணன் அதே சிறையிலிருந்து திரும்பாதவர். "கோவிச்சுக்காதீங்கய்யா, நீங்க அசல்தானே?" என்று கேட்டார். என் கணவர் அவரை உட்கார வைத்து, அண்ணன் அங்கே காவலர்களைப் போல நடித்துக்காட்டிக் கைதிகளைச் சிரிக்க வைத்ததைப் பற்றி மாலை வரை பேசினார். வந்தவர் சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் போனார். அவர் போன பிறகு என் கணவர் ஒரு தாளை எடுத்துத் தம் கையொப்பத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சிறையிலிருந்து வந்த நாளில்கூட அவருக்குத் தம்மேல் இந்தச் சந்தேகம் இருந்ததில்லை. அந்தத் தாளைப் பார்த்த பிறகே நான் இம்மனுவை எழுத உட்கார்ந்தேன்.

7. ஆகவே, போலி என்ற அறிவிப்பைத் திரும்பப் பெற்று, நாணயம் வாங்கியவர்களுக்கு அதைத் தெரிவிக்குமாறும், சிறையில் வாங்கப்பட்ட கையொப்பத்தை இனி எவரும் என் கணவரிடம் கேட்காதபடி உத்தரவிடுமாறும் வேண்டுகிறேன். அவருக்கு வயதாகிறது, விரைவில் செய்தால் நலம்.

8. விசாரணை முடியும்வரை, சர்ச்சைக்குரிய கையொப்பத்துடன் வரும் எந்தத் தாளும் பெற்றுக்கொள்ளப்பட மாட்டாது என்று தங்கள் கடைசிக் கடிதம் கூறுகிறது. இம்மனுவில் என் கணவரும் சேர்ந்துகொள்கிறார்.

இடம்: மேற்படி முகவரி
நாள்: இம்மாதம் 12

மனுதாரர்: (ஒப்பம்)
உடன் மனுதாரர், மேற்படி கணவர்: (இடது பெருவிரல் ரேகை)