கல்வெட்டின் முகப்பில் ஆளில்லாத கடற்கரை

இன்று காலை சமையலறை நாட்காட்டியில் புது மாதத்தைத் திருப்பினேன். புதுவருடத்துக்கு நீ தந்த நாட்காட்டி. இந்த மாதத்துக்கு வந்திருப்பது பெல்ஜியத்துப் பழைய சுவரொட்டி ஒன்று. கொக்கோ குடிக்கும் பெண்ணின் காலடியில் ஒரு பூனை. அதன் வாலும் அவளுடைய கூந்தலும் ஒரே கோட்டில் சுருண்டு போகின்றன. தேநீர் ஆறும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். நீ இருந்திருந்தால் அந்த வாலைப் பற்றியே அரைமணி நேரம் கதைத்திருப்போம்.

நாங்கள் பழகியதும் இப்படி ஒரு படத்தால்தான். பல்கலைக்கழக நூலகத்தில், நூறு வருடங்களுக்கு முந்திய பெல்ஜிய ஓவியங்களும் அச்சுப்படங்களும் இருந்த அலமாரிக்கு முன்னால் நான் தனியாக நின்றேன். பின்னாலிருந்து நீ தமிழில் கேட்டாய்: "நீங்களும் வீட்டில அக்கவுண்டிங் எண்டு சொல்லிப்போட்டோ இஞ்சை நிக்கிறீங்கள்?" நான் ஓம் என்றேன். அதற்குப் பிறகு 'நீங்கள்' 'நீ' ஆக அதிக நாள் எடுக்கவில்லை.

நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருந்த என் சிறிய அறைக்கு ஞாயிறுகளில் வருவாய். நிலத்தில் உன் பெல்ஜிய ஓவியப் புத்தகத்தை விரித்துவைத்து, குப்புறப் படுத்துப் பார்ப்போம். உனக்கு எப்போதும் ஒரே படம். நித்திரை வராத ஓர் ஓவியர் பெல்ஜியத்து ஓஸ்தெந் கடற்கரையில் அலைந்து திரிந்து, கறுப்பு மையைத் தண்ணீரில் கரைத்து வரைந்தது. கடலோரச் சுவர், ஈரத் தரை, மீதியெல்லாம் வானம். ஓர் ஆள் இல்லை. மாமாக்களும் சித்திகளும் வந்துபோய்க்கொண்டே இருக்கும் வீட்டில் வளர்ந்த நீ, "இதுக்குள்ள நிண்டா மூச்சு விடலாமடி" என்பாய்.

நோய் உன்னை விரைவாகக் கொண்டுபோய்விட்டது. முப்பத்தோராம் நாள் கிரியைக்குக் கல்வெட்டு அச்சடிக்க வேண்டும் என்றார்கள். உன் வாழ்க்கைக் குறிப்பு, தேவாரங்கள், உறவினரின் இரங்கலுரைகள் எல்லாவற்றையும் சேர்த்து, வந்தவர்கள் கையில் கொடுத்துவிடும் அந்தச் சிறு புத்தகம். உன் அம்மா, நான் அன்ரி என்று கூப்பிடுகிறவர், என்னை அழைத்தார். "அவளுக்குப் பிடிச்ச படம் எதெண்டு உனக்குத்தான் தெரியும், முகப்புக்கு நீயே குடு" என்றார். நான் கடற்கரையைக் கொடுத்தேன்.

அச்சகத்தில் மாதிரியைப் பார்க்க நானும் அன்ரியும் போனோம். கணினித் திரையில் உன் வானத்தின் நடுவே ஒரு குத்துவிளக்கு எரிந்தது. கற்சுவரை ஒட்டி இளஞ்சிவப்புத் தாமரைகள். அச்சக அண்ணை குற்றமாக எதுவும் செய்யவில்லை. எல்லா வீட்டுக்கும் செய்வதை உனக்கும் அக்கறையோடு செய்திருந்தார்.

"வெறுமையா விட்டா மை முடிஞ்சுதோ எண்டு சனம் கேக்கும், தங்கச்சி" என்றார்.

அந்த வானம் ஏன் அப்படியே இருக்க வேண்டும் என்பதை நான் உன்னோடு மட்டும்தான் கதைத்திருக்கிறேன். வேறு யாருக்கும் சொல்ல என்னிடம் வார்த்தை இருக்கவில்லை. விளக்கோடு அச்சாகிவிடும், நான் பார்த்துக்கொண்டே நிற்கப்போகிறேன் என்று நினைத்தேன்.

அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டக் குனிந்தார். "இதில ஆள் எங்கை, பிள்ளை?"

"ஆள் இல்லை, அன்ரி."

கனநேரம் பார்த்தார். பிறகு அண்ணையிடம் சொன்னார்: "விளக்கை எடுத்துவிடுங்கோ, தம்பி. வெளிச்சம் வைச்சா அங்கை ஒருத்தரும் இல்லாதது இன்னும் வடிவாத் தெரியும்."

அப்படியே அச்சானது. முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் உன் பெரியப்பா அந்த வானத்தில் யாருடையதோ தொலைபேசி இலக்கத்தை எழுதிக்கொண்டார். அதைக் காட்டிச் சிரிக்க நான் திரும்பிப் பார்த்தது உன்னைத்தான்.

போன ஞாயிறு அன்ரி என்னை வரச் சொன்னார். அந்த நாட்டுக்காரரின் வேறு படங்களும் கிடந்தால் கொண்டு வா என்றார். என் அறையில் கிடந்த உன் ஓவியப் புத்தகத்தைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். சாப்பாட்டு மேசையில் பக்கங்களைத் திருப்பினோம். முகமூடிகள் நெருக்கியடித்து நிற்கும் ஓவியம் வந்தபோது என்னை அறியாமல் வாய் திறந்தது.

"அவள் இதைப் பாத்து, எங்கட கலியாண வீட்டில சாப்பாட்டுக்கு நிக்கிற வரிசை எண்டவள், அன்ரி."

அன்ரி சிரித்தார். நீ போனபின் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு பாதியில் நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பேந்து? வேறை என்ன சொன்னவள்?" என்று கேட்டார்.

நீ சொன்னவை என்னிடம் நிறைய இருக்கின்றன. ஒரு பக்கத்துக்கு ஒன்றாக அன்ரிக்குக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். அவை தீர்ந்துபோனால் அந்த மேசையில் நாங்கள் இருவரும் என்ன செய்வோம் என்று தெரியவில்லை. ஆனாலும் சிலவற்றை மட்டும் அன்ரிக்கும் கொடுக்கமாட்டேன். அவற்றை நீ எனக்கென்று சொன்னாய்.