உப்பு மெல்ல ஏறட்டும்

ஜூன் 3, செவ்வாய்

மூன்றாம் படுக்கைக்காரர் இன்று காலை வார்டையே பேருந்தாக்கிவிட்டார். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். குடல் அறுவை முடிந்து நான்காம் நாள். ஊசி போடப் போன என்னிடம், “உள்ள தள்ளி நில்லும்மா, படியில தொங்காத” என்றார். பக்கத்துப் படுக்கை சிரித்தது. அவர் மனைவி சிரிக்கவில்லை. “நேத்து வரைக்கும் நல்லாத்தானே பேசினாரு சிஸ்டர்?”

சின்ன டாக்டர் எட்டிப் பார்த்தார். “வயசானா இப்படித்தான். தூக்க மருந்து போடுங்க.”

போடவில்லை. மூன்று நாளாக அவருக்கு ஓடுவது வெறும் குளுக்கோஸ் தண்ணீர். அறுவைக்குப் பிறகு உடம்பு தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும்; மூளை குழம்பும். பதினெட்டு வருடத்தில் இதை நான் பார்த்திருக்கிறேன். “முதல்ல சோடியம் பார்த்துடலாம் டாக்டர்.” முகம் சுளித்தார். கையெழுத்துப் போட்டார்.

முடிவு வந்தது: 112. நூற்று முப்பத்தைந்துக்குக் குறையக் கூடாது.

பத்தே நிமிடத்தில் வலிப்பு. செறிவான உப்பு நீர் கொஞ்சமாக உள்ளே போனதும் நின்றது.

ஜூன் 4

அந்தக் குளுக்கோஸ் பாட்டில்களில் இரண்டை மாட்டியது நான்தான். எழுதியது டாக்டர், மாட்டியது என் கை. ஏன் அன்றே கேட்கவில்லை? — சரி, எழுதிவிட்டேன். இனி வேலை.

அவர் மகள் என்னைப் பிடித்துக்கொண்டாள். “உப்புதானே குறைச்சல்? சட்டுனு ஏத்திவிட வேண்டியதுதானே?”

“தண்ணியில ஊறின மூளைம்மா. சட்டுனு ஏத்தினா தாங்காது, பேச்சு போயிடும், கை கால் விழுந்துடும். ஒரு நாளைக்கு எட்டுப் புள்ளிதான்.”

“அப்ப அப்பா என்னை எப்பதான் அடையாளம் கண்டுக்குவாரு?”

“தேதி சொல்ல மாட்டேன். கண்டுக்குவாரு.”

சொல்லியிருக்கக் கூடாதோ?

மதியம் சிறுநீர்ப் பை மளமளவென்று நிறைந்தது. எல்லோருக்கும் சந்தோஷம், நான் உடனே ரத்தம் எடுத்து அனுப்பினேன். தேக்கிய தண்ணீரை உடம்பு ஒரேயடியாகக் கொட்டுகிறது; உப்பு தறிகெட்டு ஏறும். பார்த்தால் 123.

“ஏறுதே, நல்லதுதானே?” என்றார் சின்ன டாக்டர்.

“நல்லதுதான் டாக்டர். ரொம்ப வேகமா நல்லது.”

பெரிய டாக்டருக்குப் போன் போட்டார். உப்பு நீரை நிறுத்தி, தண்ணீரைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார் அவர். அதே குளுக்கோஸ் பாட்டிலை மறுபடி மாட்டினேன். இந்த முறை எதற்கென்று தெரிந்து.

ஜூன் 5

காலை 120. மாலை 122. இன்னும் உளறல்தான். மகள் என்னை விட்டு மற்ற சிஸ்டர்களிடம்தான் கேட்கிறாள்.

ஜூன் 6

127. காலையில் கண் விழித்தவர் மகளை ஏற இறங்கப் பார்த்தார். “வேலைக்குப் போகலையா நீ? லீவு போட்டுட்டு உக்காந்திருக்கியா?”

திட்டு வாங்கிக்கொண்டே அழுதாள். நான் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, வேறென்ன.

ஜூன் 11

பேருந்துக்காரர் நேற்றே நடந்து வீட்டுக்குப் போனார்.

மூன்றாம் படுக்கையில் இன்று ஒரு பித்தப்பை அறுவை. டிரிப்ஸ் எழுத வந்த சின்ன டாக்டர் பேனாவை நிறுத்தினார். “சிஸ்டர், இவங்க சோடியம் எவ்வளவு?”

“நூத்தி முப்பத்தெட்டு.”

எழுதிக் கொடுத்தார். வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் மாட்டினேன். அவரும் அதுவரை நின்றார்.